பாதியில் நிற்கும் பெட்டி

அந்தப் பெட்டியை அவள் எப்போதோ ஜன்னல் வழியாக வீசி எறிந்திருக்க வேண்டியது. எறியாமல் விட்டதற்குக் காரணம் பாசம் கீசம் ஒன்றும் இல்லை. எறிந்தால் கீழே போய்ப் பொறுக்கி எடுத்து வர வேண்டியவளும் அவள்தான். வீடு மூன்றாவது மாடி, கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிறவள் தன் வீட்டுக்குப் படியேறித்தான் போகிறாள் என்று சொல்லி அவளைக் கிண்டலடிக்காதவர்கள் இல்லை. ஆரம்பத்தில் அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். இப்போது சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

பெட்டி என்பது அப்பாவின் வாய். தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை போட்டு, மூச்சு மட்டும் போய் வர வழி செய்தார்கள். அப்பா ஆபீசில் ஆயுசு முழுக்க டைப் அடித்தவர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு, வாலிப வயசில் ஆசையாக வாங்கிய கம்ப்யூட்டரைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னார். கீபோர்டும் கம்ப்யூட்டரும் ஒரே டப்பாவாக இருக்கும், டி.வி.யில் மாட்டிப் பார்க்கிற அந்தக் காலத்துச் சாமான். அதிலிருந்து ஒரு கேபிள் போய், ரேடியோ அளவில் ஒரு பேசும் பெட்டியில் முடியும். இங்கே அடித்தால் அங்கே பேசும். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, 'ழ'வும் இல்லை. 'பழம்' என்று அடித்தால் 'பளம்' என்று பெட்டி சொல்லும், வீட்டுக்கும் அதுவே பழகிப்போயிற்று.

அண்ணன் ஒரு புது போன் வாங்கி அனுப்பியிருந்தான். எழுதினால் அழகாகப் பேசுமாம், பெண் குரல்கூட உண்டாம். அப்பா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓரம் கட்டினார்.

"எளுதி முடிக்கிற வரைக்கும் எவன் காத்திருப்பான்? அதுக்குள்ள வேற பேச்சுக்குப் போயிடுவாங்க," என்றது பெட்டி.

அதில் நியாயம் இருந்தது. பெட்டி அப்படி இல்லை, அப்பா அடிக்க அடிக்கச் சொல்லிக்கொண்டே போகும். கேட்கிறவர் காது இந்தப் பக்கமே இருக்கும். ஒரே ஒரு கோளாறு, பெட்டி பாதியில் நின்றுவிடும்.

"இந்தச் சட்டையை நீ துவைச்ச லட்சணம்" என்று ஆரம்பிக்கும், அப்புறம் சத்தம் இருக்காது. அவள் ஈரக் கையோடு நிற்பாள். பார்வை தானாகச் சுவர்க் கடிகாரத்துக்குப் போகும், அடுத்துப் போக வேண்டிய கட்டடத்தில் எவனாவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறிக்கொண்டிருப்பான் என்று நினைப்பு ஓடும். பெட்டி கடைசியில் கனைத்துக்கொண்டு "சரி, விடு" என்று சொல்லும்.

"பெட்டி முழுங்கிடுச்சா?" என்று கேட்பாள். அப்பா ஆமாம் என்று தலையாட்டுவார். அவளும் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

களைப்பு என்றால் சாதாரணக் களைப்பு இல்லை. ராத்திரி அப்பாவின் கழுத்துத் துளையில் சளி கட்டும், எழுந்து துடைத்துவிட வேண்டும். எழ வேண்டாத ராத்திரியிலும் தூக்கத்தின் ஒரு காது அந்த மூச்சையே கேட்டுக்கொண்டிருக்கும். பகலில் லிஃப்ட் கூண்டின் மேல் ஏறி நின்று கிரீஸ் பூசும்போது கண் சொக்கும். ஒரு தரம் அப்படியே கம்பியில் சாய்ந்து தூங்கியே போனாள். கூட வேலை செய்கிறவர் உலுக்கி எழுப்பிவிட்டு, "உனக்கு எமன் வேற தனியா வரணுமா?" என்று திட்டினார். அன்று சாயங்காலம்தான் அவள் அண்ணனுக்குப் போன் பண்ணினாள்.

"அண்ணா, அப்பாவைக் கொஞ்ச நாள் உன்கிட்ட வச்சுக்கோ. நான் தூங்கணும்."

இதைச் சொல்லவே அவளுக்கு இத்தனை வருஷம் ஆகியிருந்தது. அண்ணன் கெட்டவன் இல்லை. தூரத்தில் இருக்கிறவன், அவ்வளவுதான். தூரத்தில் இருக்கிறவர்களுக்கு எல்லாம் சுலபமாகத் தெரியும்.

"வச்சுக்கறதுல ஒண்ணும் இல்ல பாப்பா. ஆனா நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. அவர் பாதி சொல்லி நிறுத்தினா என்ன வேணும்னு எனக்கு எப்படித் தெரியும்? தண்ணி கேக்கறாரா, மூச்சு முட்டுதுங்கறாரா? நீ அந்தப் பெட்டியைச் சரி பண்ணு. ஞாயித்துக்கிழமை உங்க அண்ணியோட சாப்பிட வரேன். ஒழுங்காப் பேசினா அன்னைக்கே கூட்டிட்டுப் போயிடறேன்."

ஆக, அவள் தூக்கம் முழுக்க அந்தப் பெட்டியில் போய் மாட்டிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்துப் பெட்டியின் மூடியைக் கழற்றினாள். அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மாப்பிள்ளை பார்க்கப் போன வீட்டில் ஓட்டை உடைசல் தேடுகிறவர் மாதிரி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. அவள் பழுது பார்க்கிற பழைய லிஃப்ட் பேனல்களிலும் இதே சங்கதிதான். கம்ப்யூட்டர் அனுப்புகிற எழுத்துகள் பேசப்படும்வரை காத்திருக்கப் பெட்டிக்குள் ஒரு இடம் உண்டு. அதற்குப் பஃபர் என்று பேர். மாடியில் தண்ணீர்த் தொட்டி வைப்பது போல. இந்தப் பெட்டியைச் செய்தவன் தொட்டி வைக்க வேண்டிய இடத்தில் ஒரு சொம்பை வைத்திருக்கிறான். பாதி வாக்கியத்துக்கே சொம்பு நிறைந்துவிடும். உடனே பெட்டி, "போதும், நில்லு" என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். மிச்ச எழுத்தெல்லாம் டி.வி. திரையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். சொம்பு காலியாகி, பெட்டி நிதானமாக அடுத்தது கேட்கிறவரைக்கும் மௌனம்தான்.

கழற்றுவதற்கு முன்னால் ஒரு சோதனை பார்த்திருந்தாள். ஏதோ ஒரு லிஃப்டின் பராமரிப்புக் குறிப்பை ஒரு பத்தி அடித்தாள். பெட்டி நின்று நின்று பேசியது. ஆனால் கடைசிச் சொல்வரைக்கும் பேசியது, ஒரு எழுத்துகூடச் சிந்தவில்லை. 'அப்போ முழுங்கறது எங்கே?' என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் அடுப்பில் பால் பொங்கியது. ஓடினாள். திரும்பி வரும்போது அந்தக் கேள்வி போன இடம் தெரியவில்லை. நன்றாகத் தூங்குகிற மனுஷிக்குத்தான் கேள்வி நிலைத்து நிற்கும்.

பெட்டிக்குள் கூடுதல் மெமரிக்கென்று ஒரு காலி சாக்கெட் இருந்தது. அதன் பக்கத்தில், எவ்வளவு மெமரி என்று சொல்வதற்கு, நகக்கண் அளவில் நாலு சுவிட்சுகள். கழித்துப்போட்ட லிஃப்ட் போர்டு ஒன்றிலிருந்து எடுத்து வந்த சிப்பைச் சாக்கெட்டில் அழுத்திப் பொருத்தினாள். குண்டூசி முனையால் சுவிட்சுகளைத் தள்ளினாள். இன்னும் ஒரு வேலை பாக்கி. கம்ப்யூட்டரில் ஓடுகிற புரோகிராம் அப்பாவே எழுதியது. ஒரு தடவைக்கு இவ்வளவுதான் அனுப்பு என்று அதில் ஒரு எண் இருந்தது. அதைப் பெரிதாக்க வேண்டும்.

கீபோர்டை இழுத்தபோது அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். வேண்டாம் என்று தலையாட்டினார். பெட்டி திறந்து கிடந்ததால் அவருக்கு வாயும் இல்லை. செய்தித்தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதினார்: 'இப்படியே இருக்கட்டும். பழகிடுச்சு.'

"உங்களுக்குப் பழகிடுச்சு. அண்ணனுக்குப் பழகலையே," என்றாள்.

மறுபடியும் எழுதப் போனார். அவள் பென்சிலை வாங்கித் தன் காதில் செருகிக்கொண்டாள். "அப்பா, தயவு பண்ணி இன்னைக்கு ஒரு நாள் குறுக்க வராதீங்க. உங்களக் கும்பிடறேன்."

அப்பா கையை எடுத்துவிட்டார். அந்தக் கும்பிடு அவரை எங்கேயோ குத்தியிருக்க வேண்டும், ஆனால் அவள் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. எண்ணை மாற்றினாள், மூடியைப் பூட்டினாள், ஸ்விட்சைப் போட்டாள். அந்தப் பராமரிப்புப் பத்தியை மறுபடி அடித்தாள். எழுத்தெல்லாம் திரையில் நிற்காமல் அப்படியே பெட்டிக்குள் இறங்கின. பெட்டி தங்குதடையில்லாமல் ஒப்பித்து முடித்தது. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூக்கத்துக்கு ஏங்கி அழுத முதல் பொம்பளை நானாகத்தான் இருப்பேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அண்ணனும் அண்ணியும் மத்தியானம் வந்தார்கள். மூன்று மாடி ஏறியதில் அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. அண்ணி ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறவள், சத்தமாகச் சிரிப்பவள். வந்ததும் வராததுமாகச் சமையலறைக்குள் புகுந்து பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள்.

அப்பா அன்று கலக்கினார் என்றுதான் சொல்ல வேண்டும். டைப் அடித்த காலத்து மேலதிகாரி ஒருவர், ராஜினாமாக் கடிதத்தைச் சொல்லச் சொல்ல அடிக்க வைத்து, கையெழுத்துப் போடாமலே கிழித்து, அடுத்த மாதம் மறுபடி முதலிலிருந்து சொன்ன கதையை முழுக்கச் சொன்னார். பெட்டி எங்கும் நிற்கவில்லை. ஏற்ற இறக்கமில்லாத அந்தக் குரலில் கதை இன்னும் வேடிக்கையாக இருந்தது. அண்ணிக்குப் புரை ஏறியது. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அப்பா பேசி இவ்வளவு கேட்டு எத்தனை நாளாச்சு," என்றான். "பாப்பா, நீ பெரிய ஆள்தான். இன்னைக்கே கிளம்பிடலாம்பா. துணியெல்லாம் எடுத்து வையுங்க."

பெட்டி உடனே "வரேன்" என்றது. அவளுக்கு உடம்பு லேசாகிவிட்டது. இன்று ராத்திரி. இன்று ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு காதையும் தலையணையில் புதைத்துக்கொண்டு தூங்கலாம். தண்ணீர் ஊற்றுவதற்காக அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். திரை எப்போதும் அப்பாவுக்கு மட்டும் தெரிகிற மாதிரி திரும்பி இருக்கும். பேச்சு நடக்கும்போது அந்தப் பக்கம் அவள் நின்றதே இல்லை.

அண்ணன் சும்மா இருந்திருக்கலாம். சந்தோஷம் வந்தால் அவனுக்கு வாய் நிற்காது.

"எப்படித்தான்பா இங்க இருந்தீங்க? ரெண்டே ரூம், மூணு மாடி, பேசறதுக்கு ஆள் இல்ல. இனிமே கவலையை விடுங்க. நான் இருக்கேன்ல."

அப்பாவின் விரல்கள் கீபோர்டில் பறந்தன. டைப் அடித்தே வாழ்ந்த கை அது. பெட்டி ஒரு வாக்கியம் சொல்வதற்குள் அவர் நாலு அடித்துவிடுவார்.

"எப்படி இருந்தேன்னு கேக்கறியா," என்றது பெட்டி. "நீ வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

மேஜையில் கரண்டிச் சத்தம் நின்றது. பெட்டி நிற்கவில்லை.

"களுத்துல ஓட்டை போட்ட அன்னைக்கு வந்தே. அதுக்கப்புறம் போன்ல மூஞ்சியக் காட்டினே. இன்னைக்கும் நீ எனக்காக வரல. பெட்டி நல்லாப் பேசுதான்னு பாத்து வாங்கிட்டுப் போக வந்திருக்கே."

அப்பா அடிப்பதை நிறுத்திவிட்டார். சுண்டுவிரல் அழிக்கிற பட்டனில் போய் அழுந்தியது, அழுந்தியபடியே இருந்தது. அவள் திரையைப் பார்த்தாள். அழிக்க அங்கே ஒரு எழுத்துகூட இல்லை. கர்சர் கோடு மட்டும் இடது ஓரத்தில் மினுக்கிக்கொண்டிருந்தது. அடித்ததெல்லாம் அவள் கட்டிவைத்த தொட்டிக்குள் எப்போதோ போய் விழுந்துவிட்டது. திரும்ப எடுக்க வழி இல்லை.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அந்தப் பட்டனைத் தேடிப் போகத் தேவையில்லாமல் விரல் தானாகப் போன விதத்திலேயே புரிந்தது. பெட்டி ஒருநாளும் எதையும் முழுங்கவில்லை. முழுங்கினது அப்பா. கோபம் வந்தால் கோபம் தீர அடிப்பார். பாதியில் சொம்பு நிறைந்து பெட்டி நிற்கும். மிச்சம் திரையில் நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்து, மனசு ஆறியதும் அழித்துவிட்டு, "சரி, விடு" என்று அடிப்பார். சட்டை துவைத்த லட்சணமும் அப்படித்தான் போயிருக்கிறது. குரலே இல்லாத மனுஷர் தன் பேச்சைத் தானே முழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். காலையில் அவர் வேண்டாம் என்றதும் இதற்காகத்தான். அவள்தான் பென்சிலைப் பிடுங்கிக் காதில் செருகிக்கொண்டாள்.

பெட்டியின் ஸ்விட்ச் அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அணைத்தால் தொட்டியும் சேர்ந்து காலியாகிவிடும். கை அதன் மேல் போயும்விட்டது. ஆனால் அணைக்கவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், அவளுக்கு அது தேனாக இனித்தது. வாங்கட்டும், நன்றாக வாங்கட்டும் என்றுதான் நின்றாள்.

"இவ மட்டும் என்ன," என்றது பெட்டி, அதே குரலில். "நான் பேசறப்ப எல்லாம் கடிகாரத்தப் பாக்கறா. ராத்திரி வந்து தொடைக்கறப்ப பெருமூச்சு விடறா. லிஃப்டுக்கு எண்ணெய் போடற மாதிரி எனக்கு மருந்து போடறா. நானும் ஒரு மிசினாயிட்டேன்."

இனித்ததெல்லாம் அதோடு போயிற்று. இப்போது அணைத்துவிடலாம்தான். அண்ணன் வாங்கியபோது கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, தன் முறை வந்ததும் அணைத்தால் அதைவிடக் கேவலம் வேறு இல்லை. ஸ்விட்சிலிருந்து கையை எடுத்துத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"அவளையும் குத்தம் சொல்ல முடியாது. எனக்கு இங்கேருந்து போக இஷ்டமே இல்ல. ஒரு மாசமாவது அவ தூங்கட்டும்னுதான் வரேன்னு சொன்னேன்."

அதோடு தொட்டி காலி. அப்பா அழிக்கிற பட்டனை இன்னும் அழுத்திக்கொண்டிருந்தார். அவள் குனிந்து அந்த விரலை மெதுவாக எடுத்துவிட்டாள்.

அண்ணன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "இதைக் கேக்கத்தான் வரச் சொன்னியா?" என்று அவளைப் பார்த்துக் கத்தினான். "நீ கிளம்பு, போலாம்," என்றான் மனைவியிடம்.

அண்ணி அசையவில்லை. "உக்காருங்க," என்றாள். "அவர் சொன்னதுல எது பொய்?"

"ஏய்..."

"எங்ககிட்ட வரவங்க எல்லாம் வாயைத் திறந்து வச்சுக்கிட்டு ஒரு வார்த்தை பேச முடியாம கிடப்பாங்க. பேச வந்ததும் முதல்ல திட்டறது எங்களத்தான். அதுக்காகப் பாதிப் பல்லோட அனுப்பிடுவோமா? உக்காருங்கன்னா." அவள் அப்பா பக்கம் திரும்பினாள். "மாமா, நாங்க கூப்பிட்டது கூப்பிட்டதுதான். வரீங்களா?"

அப்பா கீபோர்டைத் தொடவில்லை. மகளைப் பார்த்தார். அண்ணனும் பார்த்தான், அண்ணியும் பார்த்தாள். அவள் என்ன சொல்ல வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது. 'நீங்க எங்கயும் போக வேண்டாம்பா, என்கூடவே இருங்க' என்று சொல்லிக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். அவளும் அந்த வார்த்தை வந்துவிடும் என்று காத்துக்கொண்டு நின்றாள். வரவில்லை. எவ்வளவு நேரம் நின்றாலும் வராது என்று தெரிந்துவிட்டது.

"வருவார், அண்ணி," என்றாள். பிறகு அப்பாவின் முன்னால் வந்து, முட்டி போட்டு உட்கார்ந்தாள். "நீங்க சொன்னது எல்லாம் நிஜம்பா. கடிகாரம் பாக்கறதும் நிஜம், பெருமூச்சும் நிஜம். நீங்க எனக்காகத்தான் போறீங்கன்னு இப்ப தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சும் போய்ட்டு வாங்கன்னுதான் சொல்றேன். எனக்கு முடியலப்பா. ஒரு மாசம். ஒரு மாசம் கழிச்சு நானே வந்து கூட்டிட்டு வந்துடறேன்."

அப்பா அவள் தலையில் கை வைத்தார். கழுத்துத் துளையிலிருந்து காற்று மட்டும் வேகமாக வந்து போயிற்று. அழுகிறார் என்று அவளுக்குத் தெரியும், அந்தச் சத்தத்தை அவள் ராத்திரிகளில் கேட்டிருக்கிறாள். சளி என்று நினைத்துத் துடைத்துவிட்டிருக்கிறாள்.

அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு துணிகளை மடிக்கப் போனான். அண்ணி கழுத்துத் துளையை எப்படித் துடைப்பது, எந்தத் துணி, எவ்வளவு அழுத்தம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் செய்து பார்த்துக்கொண்டாள். பழகிய கை, அப்பாவுக்கு வலிக்கவில்லை.

கம்ப்யூட்டரை மூட்டை கட்டுவதற்கு முன்னால், அவள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பெட்டியின் மூடியை மறுபடி கழற்றினாள்.

"என்ன பண்றே?" என்றான் அண்ணன். "நல்லாத்தானே பேசுது?"

"ரொம்ப நல்லாப் பேசுது. அதான்," என்று சொல்லிக்கொண்டே சிப்பைப் பிடுங்கினாள். "தண்ணி, மூச்சுன்னு வேணுங்கறதைக் கேக்க பழசே போதும்ணா. முழுசாச் சொல்லும். பாதியில நின்னா பதறாம கொஞ்சம் காத்திரு. அங்க உன் வீட்டுல அவருக்கு இதுதான் தேவைப்படும்."

அண்ணனுக்கு விளங்கவில்லை. அண்ணிக்கு விளங்கிவிட்டது. "அவருக்கு மட்டுமா, எங்களுக்கும்தான்," என்று சிரித்தாள். அப்பாவின் உதட்டிலும் லேசாக ஒரு சிரிப்பு வந்து போயிற்று.

சுவிட்சுகளைப் பழைய இடத்துக்குத் தள்ளினாள். புரோகிராமில் பழைய எண்ணைப் போட்டாள். மூடியைப் பூட்டி ஸ்விட்சைப் போட்டுவிட்டு, "எங்க, ஏதாவது அடிச்சுப் பாருங்கப்பா," என்றாள்.

அப்பா அடிக்க ஆரம்பித்தார். நிறைய அடித்தார்.

"நான் அங்க போனதுக்கப்புறம் இந்த வீட்டுல நீ ஒருத்தியா" என்று ஆரம்பித்துப் பெட்டி நின்றது.

மிச்சம் திரையில் இருக்கும். ஒரு எட்டு தள்ளி நின்றால் படித்துவிடலாம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தையும் பார்க்கவில்லை. எதிர்க் கட்டடத்து பால்கனியில் யாரோ காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் அழிக்கிற பட்டன் அழுந்துகிற சத்தம் கேட்டது. அது வெகுநேரம் விடாமல் அழுந்திக்கொண்டே இருந்தது. அவள் காத்திருந்தாள்.

பெட்டி கடைசியில் கனைத்துக்கொண்டது.

"போய் தூங்கு," என்றது.